மரத்தூள் போட்ட நிலம்

மக்காச்சோளம் மஞ்சளடித்துக்கொண்டு வருவதை முதலில் பார்த்தவள் சின்னவள்தான். பார்த்தும் புருஷனிடம் வாயைத் திறக்கவில்லை. மாடுகளுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வரப்போடு திரும்பும்போது, அடி இலைகளின் நுனி வெளுத்து, அந்த வெளுப்பு நடுநரம்பைப் பிடித்துக்கொண்டு உள்ளே இறங்கியிருப்பது தெரிந்தது. வெயில் கூசுகிறது, அதனால் அப்படித் தோன்றுகிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். மறுநாள் மேகமூட்டம். மூட்டத்திலும் மஞ்சள் மஞ்சளாகத்தான் இருந்தது.

அவள் சொல்லாமல் இருந்ததற்குக் காரணம் உண்டு. அந்த நிலத்தில் மரத்தூளைக் கொட்டச் சொன்னதே அவள்தான்.

சின்னவள் என்பது பிறந்த வீட்டில் அண்ணன் கூப்பிட்ட பேர். கட்டிக்கொடுத்த பிறகும் அதுவே ஒட்டிக்கொண்டது. அண்ணன் மர அறுப்பு மில் வைத்திருந்தார். புருஷன் பால்காரர், விடிவதற்குள் கறந்து, பைக்கின் இரண்டு பக்கமும் கேனைத் தொங்கவிட்டுக்கொண்டு தெருத்தெருவாக ஊற்றிவிட்டு வருவார். வீட்டுக்குப் பின்னால் கிடந்த நிலம் முழுக்க மாட்டுத் தீவனத்துக்குத்தான் சோளம். அது களிமண். நனைந்தால் காலைப் பிடித்துக்கொண்டு விடாது, காய்ந்தால் மண்வெட்டியைத் திருப்பி அடிக்கும்.

"இந்த மண்ணோட மல்லுக்கட்டியே என் இடுப்பு போச்சு" என்று அவர் அலுத்துக்கொண்ட ஒரு சாயங்காலம்தான் அவள் அந்த யோசனையைச் சொன்னாள்.

"அண்ணன் மில்லுல மரத்தூள் மலையா கிடக்குங்க. கொட்ட எடமில்லாம தவிக்கிறாரு. கொண்டுவந்து போட்டு உழுதா மண்ணு பொலபொலன்னு ஆயிடாதா?"

அவருக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. அண்ணனுக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. லாரி லாரியாக அனுப்பினார். லாரியோடு வந்து தூளை இறக்கிக் கொடுத்தவர், மில்லில் கூட்டி அள்ளுகிற ஆள். அவரை எல்லோரும் தூளு என்றே கூப்பிட்டார்கள். காது மடலிலும் புருவத்திலும் எந்நேரமும் மரத்தூள் அப்பியிருக்கும். தும்மினால் அவரைச் சுற்றி ஒரு சின்னப் புகை எழும்பும். "உங்க அண்ணன் மில்லையே இங்க தூக்கி வச்சுட்டேன்மா" என்று சிரித்துவிட்டு, ஒரு சொம்பு மோரைக் குடித்துவிட்டுப் போனார்.

உழுதபோது மண் உண்மையிலேயே உதிர்ந்தது. பால்காரர் ஒரு கை அள்ளி முகர்ந்து பார்த்து, "பலகை வாசம் வருது" என்றார். சோளம் விதைத்தார்கள். வரப்போரமாக, சமையலுக்கு ஆகட்டுமே என்று சின்னவள் வழக்கம்போல ஒரு வரிசை பீன்ஸ் ஊன்றினாள். முளைப்பும் நன்றாகத்தான் வந்தது. முழங்கால் உயரம் வந்தபோதுதான் இந்த மஞ்சள்.

மூடி வைத்த விஷயம் எத்தனை நாளைக்கு நிற்கும்? பால்காரர் ஒரு காலை கேன்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு நிலத்துப் பக்கம் போனார். போனவர் வெகுநேரம் திரும்பவில்லை. இவள் டீயை எடுத்துக்கொண்டு தேடிப் போனாள். சோளத்துக்கு நடுவே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்.

"நீ பாத்தியா இத?"

"பாத்தேன்."

"எப்போ?"

அவள் டீயை நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

"சரி, யூரியா போட்டுப் பாப்போம்" என்று எழுந்துகொண்டார்.

யூரியா போட்டார். தண்ணீர் விட்டார். சோளம் அசைந்து கொடுக்கவில்லை. புதிதாக வந்த இலைகூட வெளிறிப்போய், நோயிலிருந்து எழுந்த பிள்ளையின் நகம் மாதிரி இருந்தது. யூரியா போட்டும் பச்சை திரும்பாத பயிரை அவர் இதுவரை கண்டதில்லை. அதுதான் அவரைக் குழப்பியது. குழப்பம் ஓரளவுக்கு மேல் போனால் மனிதன் அதைக் கொண்டுபோய் யார் தலையிலாவது இறக்கி வைத்துவிடுவான். அவர் இறக்கி வைத்த தலை மச்சான் தலை.

"உங்க அண்ணன் பலகைய மருந்துத் தொட்டியில முக்குறாரே, கரையான் வராம இருக்க. அது என்ன மருந்து?"

"எனக்கு என்னங்க தெரியும்?"

"கரையானக் கொல்லுற மருந்து சோளத்த விட்டு வைக்குமா? முக்குன பலகைய அறுத்த தூளையும் சேத்து என் நிலத்துல கொட்டிட்டாரு. அவருக்குக் குப்பை போன மாதிரியும் ஆச்சு, தங்கச்சிக்குச் செஞ்ச மாதிரியும் ஆச்சு."

"அண்ணன் அப்படிச் செய்யிற ஆளா?"

"தெரிஞ்சு செஞ்சாருன்னு சொல்லல. தெரியாம செஞ்சாலும் பயிரு பயிருதான?"

அவர் சொல்வது சரிபோலவும் இருந்தது, அண்ணனை நினைத்தால் தப்புபோலவும் இருந்தது. இந்தத் தீவனம் போனால் மாடுகளில் பாதியை விற்க வேண்டியதுதான் என்பதில் மட்டும் சந்தேகமே இல்லை. அவர் அதை வாயால் சொல்லவில்லை. கறக்கும்போது ஒவ்வொரு மாட்டின் முதுகையும் கூடுதலாக ஒரு தடவை தடவிக்கொடுத்தார்.

அன்றைக்கே பால்காரர் மச்சானுக்குப் போன் போட்டுவிட்டார். அவள் கொட்டிலில் சாணம் அள்ளிக்கொண்டே கேட்டாள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் பரவாயில்லை என்று தோன்றுகிற அளவுக்கு மரியாதையாகப் பேசினார். "இல்லீங்க மச்சான், உங்களக் குத்தம் சொல்லல. எந்த மரத்தூள் வந்துச்சுன்னு மட்டும் விசாரிச்சுச் சொல்லுங்க. அவ்வளவுதான். இனிமே அனுப்ப வேணாம். வச்சிடுறேன்."

மறுநாள் அவள் மில்லுக்குப் போனாள். வாள் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் அவளைப் பார்த்ததும் கையைக் காட்டி, சத்தம் கேட்காத பின்பக்கத்துக்குக் கூட்டிப் போனார். அங்கே இரண்டு குவியல்கள். ஒன்று வெளிர் நிறம், மற்றது கொஞ்சம் பச்சை கலந்த பழுப்பு.

"பாரு. இது மருந்து படாதது, அது மருந்து பட்டது. தனித்தனியா கொட்டணும்னு சொல்லி வச்சிருக்கேன். உன் நிலத்துக்கு இதுலேருந்துதான் போச்சு."

"நல்லாத் தெரியுமாண்ணே?"

அண்ணன் கீழே குனிந்து ஒரு சிராயை எடுத்து இரண்டாக ஒடித்தார்.

"தெரியும்னுதான் மாப்ளகிட்ட சொன்னேன். உங்கிட்ட என்னத்த மறைக்க. லாரி வந்தன்னைக்கு நான் இங்க இல்ல. தூளுதான் அள்ளிப் போட்டான். அவனக் கேட்டா, 'வெள்ளையிலதான் அள்ளுனேன் மொதலாளி'ங்குறான். ரெண்டாவது தடவ அழுத்திக் கேட்டா, 'வெள்ளையிலதான்னு நெனக்கிறேன்'ங்குறான். மூணாவது தடவ கேக்க எனக்கே பயமா இருக்கு."

அவள் குவியல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெயில் சாய்ந்தபோது இரண்டும் ஒரே நிறமாகத் தெரிந்தன.

வீட்டுக்கு வந்தால், டிராக்டர்காரரிடம் சொல்லியாகிவிட்டது என்றார் பால்காரர். எல்லாவற்றையும் மடக்கி உழுதுவிட்டு வேறு ஏதாவது விதைக்கலாம் என்பது அவர் எண்ணம்.

"விஷம் இருந்தா அடுத்ததும் வராதேங்க."

"வராது."

"அப்புறம் எதுக்கு உழணும்?"

"சும்மா பாத்துக்கிட்டு இருக்க முடியல என்னால. அதுக்குத்தான்."

அந்தப் பதில்தான் அவளை மண் பரிசோதனை ஆபீசுக்கு விரட்டியது. ஒரு மழை பெய்யும்வரை டிராக்டர் வேண்டாம் என்று கெஞ்சி அவகாசம் வாங்கிக்கொண்டு, ஒரு பையில் மண்ணும் இன்னொரு பையில் வேரோடு பிடுங்கிய சோளமும் எடுத்துக்கொண்டாள். கிளம்பும்போது கண்ணில் பட்டதால் ஒரு பீன்ஸ் செடியையும் பிடுங்கினாள். அப்போதுதான் அது உறைத்தது. அதே மண். அதே தூள். பீன்ஸ் கரும்பச்சையாக, பூ விட்டுக்கொண்டு நின்றது. தினமும் அதைத் தாண்டித்தான் போய்க்கொண்டிருந்தாள். மஞ்சளைப் பார்த்த கண்ணுக்குப் பச்சை தெரியவில்லை.

வேரைப் பார்த்ததும் பகீரென்றது. வேர் முழுக்கக் குண்டு குண்டாகக் கட்டிகள். எட்டிப் பார்த்த பால்காரர், "இதுக்கும் வந்துடுச்சா? மேல பச்சையா இருந்து ஏமாத்திருக்கு. போய்க் காட்டு, காட்டி என்ன ஆகப்போகுது" என்று சொல்லிவிட்டு மாட்டைக் கழுவப் போனார்.

ஆபீசில் ஒரு மேடம் இருந்தார். மேசை முழுக்க மண் பொட்டலங்கள், நடுவில் பாதி சாப்பிட்ட ரொட்டி. கதையை முழுக்கக் கேட்டுவிட்டு அவர் முதலில் பீன்ஸைத்தான் எடுத்தார். ஒரு கட்டியை நகத்தால் தட்டினார். அது மணி மாதிரி உதிர்ந்து விழுந்தது.

"நோயா இருந்தா வேரே வீங்கியிருக்கும், இப்படித் தனியா உதிராது. இத ரெண்டா கிள்ளிப் பாருங்க."

சின்னவள் கிள்ளினாள். உள்ளே இளஞ்சிவப்பு. ரத்தம் கலந்த பால் மாதிரி.

"இது சிவப்பா இருந்தா வேலை நடக்குதுன்னு அர்த்தம். இதுக்குள்ள நுண்ணுயிர் குடியிருக்கு. கண்ணுக்குத் தெரியாத சீவன். காத்துல தழைச்சத்து, அதான் நைட்ரஜன், கொட்டிக் கிடக்கு, ஆனா செடியால அத அப்படியே எடுத்துக்க முடியாது. இதுங்க எடுத்துப் பக்குவம் பண்ணிக் குடுக்கும். பதிலுக்குச் செடி இதுங்களுக்குச் சக்கரை குடுக்கும். அதனால பீன்ஸுக்குக் கவலையில்ல. சோளத்துக்கு வேர்ல இப்படி ஆள் கிடையாது. மண்ணுல இருக்குறதத்தான் நம்பி இருக்கு."

"மண்ணுலதான் நாங்க எரு போட்டோமே மேடம். யூரியாவும் போட்டோம்."

"போட்டீங்க. கூடவே மரத்தூளும் போட்டீங்க. மண்ணுக்குள்ள இன்னொரு கூட்டம் இருக்கு, மக்க வைக்கிற கூட்டம். அதுங்களுக்கு மரத்தூள் பெரிய விருந்து. ஆனா தூள்ல தழைச்சத்து இல்லவே இல்லைன்னு சொல்லலாம். அது இல்லாம அதுங்க உடம்பு வளராது. அதனால மண்ணுல இருந்ததயெல்லாம் அதுங்க எடுத்துக்கிச்சு. யூரியாவையும்தான் எடுத்திருக்கும். சோளம் பந்திக்கு வெளிய நிக்குது."

"அப்ப அதுங்க கெட்டதுங்களா?"

"கெட்டதுன்னு எப்படிச் சொல்றது? தூள் தீர்ந்ததும் அதுங்க சாகும். செத்து மக்கி, எடுத்த சத்து மண்ணுக்கே திரும்பி வரும். அந்த நிலம் அடுத்தடுத்து நல்லாவே இருக்கும்."

"எப்பத் தீரும்?"

"அதச் சொல்ல முடியாதும்மா. அதுவரைக்கும் சோளம் தாங்காது. யூரியாவ இன்னும் கொஞ்சம் கொஞ்சமா பிரிச்சுப் போடுங்க. மாட்டுக் கொட்டில் கழுவுற தண்ணி இருந்தா, இன்னும் தண்ணி கலந்து ஊத்துங்க. மூத்திரத்துலயும் இந்தச் சத்து இருக்கு."

சின்னவள் கேட்க வந்ததைக் கடைசியாகக் கேட்டாள்.

"அப்ப விஷம் இல்லதான மேடம்?"

மேடம் ரொட்டியைக் காகிதத்தில் மடித்து ஓரமாக வைத்தார். "அந்த மருந்தக் கண்டுபிடிக்கிற வசதி இங்க இல்ல. விஷமா இருந்தா பீன்ஸ் இவ்வளவு ஜோரா இருக்காதுன்னு நெனக்கிறேன். சத்தியம் பண்ணச் சொன்னா பண்ண மாட்டேன். ஊத்திப் பாருங்க. பச்சை திரும்புனா நான் சொன்னதுதான் காரணம். திரும்பலன்னா என்கிட்ட வாங்க."

வரும் வழியெல்லாம் மேடம் சொன்னதை மனசுக்குள் திருப்பித் திருப்பி ஓட்டிக்கொண்டே வந்தாள். பஸ்ஸில் ஏறும்போது தெளிவாக இருந்தது. இறங்கும்போது எந்தக் கூட்டம் எடுக்கிறது, எந்தக் கூட்டம் கொடுக்கிறது என்பது முறுக்கிக்கொண்டுவிட்டது.

"ஒரு கூட்டம் காத்துலேருந்து எடுத்துச் செடிக்குக் குடுக்குதாம்" என்று புருஷனிடம் ஆரம்பித்தாள். "இன்னொரு கூட்டம் செடிக்குன்னு வச்சதப் புடுங்கித் தின்னுதாம். தின்னுட்டு செத்துத் திருப்பிக் குடுக்குதாம்."

"யாருக்கு?"

"செடிக்குத்தான்."

"குடுக்குறதுக்கு எதுக்குப் புடுங்கணும்?"

"எனக்கும் அந்த எடத்துலதாங்க புரியல."

பால்காரர் துண்டை உதறித் தோளில் போட்டார். "கண்ணுக்குத் தெரியாத ஒண்ணு, உங்க அண்ணனக் காப்பாத்த வந்திருக்கு" என்றார். சிரிக்கவில்லை.

அவள் பேசிப் பயனில்லை என்று கொட்டில் கழுவுகிற தண்ணீரைத் தொட்டியில் பிடித்து, இன்னும் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, குடம் குடமாகச் சுமந்தாள். முழு நிலத்துக்கும் ஒருத்தியால் ஆகாது. கொட்டிலை ஒட்டிய சில வரிசைகளுக்கு மட்டும் அடி அடியாக ஊற்றினாள். தோள்பட்டை கழன்றது. நாற்றம் சேலையை விட்டுப் போகவில்லை. நடுவில் ஒருமுறை நின்று, இதெல்லாம் அண்ணனுக்காகச் செய்கிறோமா, மாடுகளுக்காகவா, அல்லது தூளைக் கொட்டச் சொன்ன தன் வாய்க்காகவா என்று யோசித்துப் பார்த்தாள். பிடிபடவில்லை. குடம் காலியானதும் அடுத்ததை மொண்டாள்.

மழை வந்தது. டிராக்டர்காரரும் வந்தார். பால்காரர் அவரைக் கூட்டிக்கொண்டு நிலத்துக்குப் போனபோது, சின்னவள் சமையலறைச் சன்னலை விட்டு நகரவில்லை. அடுப்பில் உருளைக்கிழங்கு அடிப்பிடித்துத் தீய்ந்தது. டிராக்டர் சத்தம் கேட்கும் கேட்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். கேட்டது, ஆனால் விலகிப் போகிற சத்தம்.

வெளியே ஓடினாள். பால்காரர் அவள் தண்ணீர் ஊற்றிய வரிசைகளுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். அந்த வரிசைகளில் மட்டும் குருத்து வெளுத்து வராமல், பச்சையாகவே வந்திருந்தது. கோடு கிழித்த மாதிரி, இந்தப் பக்கம் பச்சை, அந்தப் பக்கம் மஞ்சள்.

"என்ன ஊத்துன?"

"கொட்டில் தண்ணி."

"அது மட்டுமா?"

"அது மட்டும்தான்."

அவர் ஒரு இலையைப் பிடித்து முன்னும் பின்னும் புரட்டினார். "மாட்டு மூத்திரம் விஷத்த முறிச்சிருக்குமோ" என்றார். பிறகு தானே தலையை ஆட்டிக்கொண்டார். "விஷமே இருந்திருக்காது... எனக்குச் சோறு போடுற மண்ணு, எனக்கே தெரியாம உள்ள என்னவோ பண்ணிக்கிட்டு இருந்திருக்கு." அவ்வளவு நாளும் கடுகடுவென்று இருந்த முகம் இப்போது வழி தப்பிய ஆளின் முகம்போல இருந்தது. மீதி நிலத்துக்கு யூரியாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துப் போட்டார். குடத்தை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு அவரே சுமந்தார். பச்சை ஒரே நாளில் வரவில்லை. நிலத்தின் கோடியில் கடைசிவரை வரவே இல்லை. ஆனால் மாடுகளை விற்கிற பேச்சு எடுபடாமல் போகிற அளவுக்கு வந்தது.

"மச்சானப் பாத்து ஒரு வார்த்த சொல்லணும்" என்றார் ஒரு நாள். "என்ன சொல்றதுன்னுதான் தெரியல. நீயும் வா."

அண்ணன் வீட்டில் டீ வந்தது, பிஸ்கட் வந்தது. பால்காரர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே, "மச்சான், தூள்ல ஒண்ணும் இல்ல. நான்தான் அவசரப்பட்டுட்டேன். மனசுல வச்சுக்காதீங்க" என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

அண்ணன் முகம் மலரும் என்று சின்னவள் எதிர்பார்த்தாள். அது சுருங்கியது.

"ஒண்ணுமே இல்லையா மாப்ள?"

"இல்ல மச்சான்."

"தூளுவ நான் வேலைய விட்டு நிறுத்திட்டேனே."

பால்காரர் டம்ளரைக் கீழே வைத்தார். அண்ணனே தொடர்ந்தார். "நீங்க போன் பண்ண அந்த வாரமே. கேக்கக் கேக்க அவன் பேச்சு மாறிக்கிட்டே போச்சு. நான் அவன்தான்னு நெனச்சுட்டேன். தங்கச்சி குடும்பம்... ஏதாவது செஞ்சேன்னு இருக்கணும்ல?"

சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியாத இன்னொரு மனிதர். இவள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். கோபம் வந்தது, ஆனால் அதை யாரிடம் காட்டுவது என்று தெரியவில்லை. தூளைக் கொட்டச் சொன்னது யார்?

"அவரு வீடு எங்கண்ணே?"

அண்ணனுக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷமாக வேலை செய்த ஆளின் வீடு தெரியவில்லை. மில்லில் விசாரித்து, அங்கிருந்து ஒரு சலூனில் விசாரித்து, கடைசியில் பஸ் டிப்போவில் கண்டுபிடித்தார்கள். பஸ்களை உள்ளே கூட்டிக் கழுவுகிற வேலை. ஈர யூனிபாரத்தோடு, கையில் பிளாஸ்டிக் வாளியோடு இறங்கி வந்தவரைச் சின்னவளுக்குச் சட்டென்று அடையாளம் தெரியவில்லை. முகத்தில் ஒரு பொட்டுத் தூள் இல்லை. புருவம் நரைத்திருந்தது இப்போதுதான் தெரிந்தது.

அவர் முந்திக்கொண்டார். "பயிரு எப்படிம்மா இருக்கு? எனக்கு அதே நெனப்புதான். வெள்ளையிலதான் அள்ளுனேன். ஆனா கேக்கக் கேக்க எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. கண்ண மூடுனா பச்சைக் குவியல்ல அள்ளுற மாதிரியே வருது."

"நீங்க வெள்ளையிலதான் அள்ளிருக்கீங்கண்ணே" என்றாள் சின்னவள். "யார் மேலயும் தப்பு இல்ல. மண்ணுக்குள்ள இருக்குற சீவனுங்க தூளத் தின்னுச்சு, தின்னும்போது சோளத்தோட சத்தையும் சேத்து எடுத்துக்கிச்சு. இப்பப் பயிரு தேறிடுச்சு."

தூளு அதை மெதுவாக உள்வாங்கிக்கொண்டார். வாளியைக் கீழே வைத்தார்.

"அப்ப என்னைய எதுக்கு நிறுத்துனாங்க?"

சண்டைக்குக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார். பால்காரர் பஸ்ஸின் டயரைப் பார்த்தார். அண்ணன்தான் முன்னால் வந்தார்.

"தப்பா நெனச்சுட்டேன். மில்லுக்கு வந்துடு."

"வரமாட்டேன் மொதலாளி. இது குளிர்ச்சியான வேலை, இருமலும் நின்னுடுச்சு." கொஞ்சம் நிறுத்தி, "ஆனா ஒண்ணு. நீங்க என்னைய அனுப்பினது எல்லாரு முன்னாடியும். இப்பச் சொன்னதையும் அங்க வந்து எல்லாரு முன்னாடியும் சொல்லிடுங்க. நான் ஒரு எட்டு வந்து கேட்டுட்டுப் போறேன்" என்றார்.

ஷிப்ட் முடிந்து அவர் அதே ஈர யூனிபாரத்தோடு மில்லுக்கு வந்தார். அண்ணன் வாளை நிறுத்தச் சொன்னார். அது ஓய்ந்து நிற்கிறவரை எல்லோரும் காத்திருந்தார்கள். பலகை தூக்குகிறவர்கள், அளக்கிறவர், லாரிக்காரர் எல்லோரும் சுற்றி நின்றார்கள்.

"தூளுவ நான் நிறுத்துனது தப்பு" என்றார் அண்ணன். "அவன்... அவரு சரியான குவியல்லதான் அள்ளிருக்காரு. நடந்தது என்னன்னா, மண்ணுல ஒரு சீவன் இருக்கு. அது காத்துலேருந்து தூள எடுத்து... இல்ல, தூள்லேருந்து காத்த எடுத்து..." சின்னவளைத் திரும்பிப் பார்த்தார். அவள் திருத்த வாயெடுத்து, எங்கிருந்து ஆரம்பிப்பதென்று விளங்காமல் நின்றாள். "எப்படியோ. அது என்னமோ பண்ணிருக்கு. இவரு ஒண்ணும் பண்ணல."

பலகை தூக்குகிறவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை என்பது அப்பட்டமாகத் தெரிந்தது. லாரிக்காரர் மட்டும், "கடைசியாச் சொன்னது புரிஞ்சுது" என்றார்.

தூளு தலையசைத்தார். அவருக்கும் அது போதுமானதாக இருந்தது. யூனிபாரத்தின் ஈரத்தில் அதற்குள் தூள் படிய ஆரம்பித்திருந்ததைத் தட்டிவிட்டுக்கொண்டு, "சரி, மிஷினப் போடுங்க, நேரமாகுது" என்று சொல்லிவிட்டு வாசலைப் பார்த்து நடந்தார்.